பதில்: டைனமோமீட்டருக்குத் தமிழ்ச்சொல் – ‘திறன்மானி’ போதுமா?

வணக்கமுங்க. வண்டியை ஏற்றி ஓட்டி அதன் திறனை அறியும் இயந்திரம் டைனமோமீட்டர், சுருக்கமாக டைனோ. அதற்கும் அது காட்டும் எண்களுக்கும் நாம் தமிழ்ச்சொல் தேடிவருவதில், வாத்தியார் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> திறனை அளப்பது திறன்மானி. இதோடு முடித்துக்கொள்ளலாமே.

வாத்தியார் ஐயா, இந்த இடத்தில்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அந்த இயந்திரம் திறனை நேராக அளப்பதே இல்லை. ஒரு வகை டைனோ, சுற்றுகிற உருளையை நீர் பிரேக்காலோ மின்காந்த பிரேக்காலோ இழுத்துப் பிடித்து, அதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்த்து முறுக்குவிசையை (டார்க்) சொல்கிறது. பிரான்சில் புரோனி என்ற பொறியாளர் 1821இல் செய்த பிரேக்கும் இதே வழிதான். இன்னொரு வகை, எடை தெரிந்த கனத்த உருளையைச் சக்கரம் எத்தனை விரைவாகச் சுழற்றி வேகமேற்றுகிறது என்பதை மட்டும் பார்க்கிறது. இரண்டிலும் திறன் என்பது கணக்குப் போட்டு வந்த எண்: நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுற்றால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட்.

அதனால் இயந்திரத்தின் பெயர் ‘டைனோ’ என்றே இருக்கட்டும் என்பது என் கட்சி. கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டிய ஊர் எங்கள் கோவை, இங்கே செட்டிபாளையம் பந்தய டிராக்கில் வண்டி ஓட்டுகிற பையன்கள் எல்லோரும் ‘டைனோ போட்டாச்சா’ என்றுதான் கேட்கிறார்கள், அந்தச் சொல்லால் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பம் முழுக்க அது அச்சடித்துக் கொடுக்கும் எண்ணில் இருக்கிறது. ‘என் வண்டி 150 எச்.பி. காட்டுச்சு’ என்றால் எந்த இடத்தில் அளந்த 150? நாம் சொல் உருவாக்க வேண்டியது அதற்குத்தான்.

கிணற்று மோட்டாரை வைத்துப் பாருங்கள். தகட்டில் 5 எச்.பி., 3.7 கிலோவாட் என்று பொறித்திருப்பது மோட்டாரின் தண்டில் (ஷாஃப்ட்) கிடைப்பது. மீட்டரில் ஓடும் மின்சாரம் அதைவிட அதிகம், தண்ணீரை மேலே தூக்குவதில் போய்ச்சேருவது அதைவிடக் குறைவு. மூன்றும் வேறு என்பது நம் பக்கத்து விவசாயிக்குத் தெரியும், அதனால்தான் எத்தனை அடியிலிருந்து எத்தனை லிட்டர் கொட்டும் என்று கேட்டு வாங்குகிறார். காரிலும் அப்படித்தான். கம்பெனி விளம்பரத்தில் போடுவது எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து அதன் தண்டில் அளந்தது. நாம் டைனோ கடையில் பார்ப்பது கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தின்றது போகச் சக்கரத்தில் மிஞ்சியது. முன்னதைத் தண்டுத்திறன் என்றும் பின்னதைச் சக்கரத்திறன் என்றும் சொல்லலாம். நடுவில் போவதற்குக் ‘கடத்து இழப்பு’ என்று ஈரோட்டு அண்ணா எழுதியிருந்தார். எனக்கு வழிச்சேதாரம் இன்னும் பிடித்திருக்கிறது. நகைக்கடை வாசலை மிதித்த எல்லோருக்கும் சேதாரம் என்றால் என்னவென்று தெரியும்.

மூன்றாவதாக ஒரு சொல் கட்டாயம் வேண்டும், இதைத்தான் யாரும் இதுவரை எடுக்கவில்லை. சேதாரம் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, சக்கரத்தில் வந்த எண்ணை 0.85ஆல் வகுத்து ‘எஞ்சின் எச்.பி.’ என்று போட்டுக்கொள்கிறார்களே, அது. தண்டில் 100 உள்ள வண்டி சக்கரத்தில் 85 காட்டுகிறது என்று வையுங்கள். ட்யூன் செய்தபின் சக்கரத்தில் 110 வருகிறது. வகுத்தால் 129. ஆனால் சேதாரம் அதே 15ஆக நின்றிருந்தால் 125தான். சேதாரத்தில் ஒரு பகுதி திறனோடு ஏறும், ஒரு பகுதி ஏறாது, அப்புறம் கியர் எண்ணெயின் சூடு, டயர் காற்று, வண்டியை உருளைமேல் எத்தனை இறுக்கிக் கட்டினார்கள் என்பதெல்லாம் சேர்ந்து அதை மாற்றும். ஆகவே இப்படி வகுத்து வந்ததற்குத் தண்டுத்திறன் என்ற பெயரைக் கொடுக்கவே கூடாது. ஊகத் தண்டுத்திறன் என்று எழுதினால் படிக்கிறவருக்கு உடனே விளங்கும்.

> கரெக்‌ஷன் ஃபேக்டர் = வானிலைத் திருத்தக் காரணி

டைனோ காட்டிய எண்ணை அன்றைய காற்றுக்கேற்பச் சரிசெய்யப் பெருக்கும் எண் இது. ஆனால் சொல் நீளம், அதோடு உயரம் வானிலையில் சேராது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குமேல், ஏப்ரல் மதியத்தில் காற்று இன்னும் மெலிந்து கிடக்கும். அதைச் சரிக்கட்டத்தான் இந்தப் பெருக்கல். காற்றுத் திருத்தம் என்றால் போதாதா? எந்தத் திருத்தம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற தரமுறை 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர்காற்றுக்கு. டைனோ அச்சடிக்கும் தாளில் எஸ்.டி.டி. என்று வரும் பழைய முறை 15.5 டிகிரி கடல்மட்டக் காற்றுக்கு. ஒரே ஓட்டத்தையே எஸ்.டி.டி. சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும், 150 என்றது 156 ஆகிவிடும், வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ உள்ள வண்டிக்கு இது இன்னும் மோசம். காற்று மெலிந்தால் டர்போ கூடுதலாகச் சுற்றி முடிந்தவரை அதே அழுத்தத்தை எட்டிப்பிடித்துவிடும். அதன்மேல் டர்போ இல்லாத எஞ்சினுக்கான வாய்பாட்டைப் போட்டால், எஞ்சின் ஏற்கெனவே ஈடுகட்டியதற்கு மறுபடியும் கூலி கொடுத்ததாகிறது. 2,200 மீட்டருக்குமேல் இருக்கும் ஊட்டியில் அந்த வாய்பாடு கால் பங்குக்குமேல் கூட்டும்! திருத்தாத எண்ணுக்குப் பச்சை அளவு என்று பெயர் வைத்து இரண்டையும் சேர்த்தே போடச் சொல்ல வேண்டும்.

திறனுக்கும் குதிரைத்திறனுக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா சொன்ன ‘வலு’, ‘பரிவலு’ எனக்கும் பிடிக்கும், குட்டையான சொற்கள். அங்கே தண்டுவலு, சக்கரவலு என்று வைத்துக்கொண்டாலும் பொருள் மாறாது, கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் பக்கம் பக்கமாகப் போடலாம். பி.எஸ். என்ற மெட்ரிக் அலகு, எச்.பி. இரண்டையும் ‘குதிரைத்திறன்’ என்று ஒன்றாக்குவதை மட்டும் விடுவோம். முதலாவது 735.5 வாட், மற்றது 745.7 வாட். கிலோவாட்டில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

பெயர் வைக்க இன்னொன்று மிச்சமிருக்கிறது. ஒரே டைனோவில், அதே நாளில், அதே திருத்தத்தோடு, வேலை செய்யுமுன்னும் பின்னும் எடுத்த இரண்டு திறன் வளைகோடுகளின் இடைவெளி. ட்யூன் செய்ய வருகிறவருக்கு உண்மையில் உதவுவது அதுதான், உச்ச எண் அல்ல, ஏனென்றால் ஒரே வண்டி பக்கத்துக் கடை டைனோவில் வேறு எண் காட்டும். ‘ஏற்றம்’ என்று வைக்கலாமா, இல்லை ‘கூடுதல்’ போதுமா? வாத்தியார் ஐயாவும் ஈரோட்டு அண்ணாவும் சொல்லுங்கள், அதையும் சேர்த்துப் பட்டியலை அனுப்புகிறேன்.