தேக்கடியில் டைகர் டிரெயில்: காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்கிய அனுபவம்

தேக்கடி என்றாலே படகு என்று ஆகிவிட்டது. ஒன்றரை மணி நேரம் ஏரியைச் சுற்றி, எதிர்க்கரையில் கறுப்பாகத் தெரியும் யானைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். படகைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு அதுதான் தோது. ஆனால் அதே ஏரிக்கு அந்தப் பக்கம் நடந்துபோய், காட்டுக்குள்ளேயே இரவு தங்கிவரும் டைகர் டிரெயில் என்றொரு நடையும் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகமே நடத்துவது. நானும் என் தாய்மாமாவும் இரண்டு இரவுத் திட்டத்தில் போய்வந்தோம். அங்கே கண்ணுக்கு வேலை குறைவு, காதுக்கும் மூக்குக்கும்தான் ஓயாத வேலை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் கூட வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வழிகாட்டிய மூத்தவர், ஒரு காலத்தில் இதே காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து வயனா மரப்பட்டையை உரித்து விற்ற கூட்டத்தில் இருந்தவர். வயனா இலவங்கப்பட்டை மர வகையைச் சேர்ந்தது. பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். 1990களின் பின்பாதியில் பெரியாற்றில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, வனத்துறையினர் இவர்களைக் கூப்பிட்டுப் பேசி, பட்டை உரிப்பதை விட்டால் காட்டுக்குள் பயணிகளை அழைத்துப்போகும் வேலை தருகிறோம் என்று ஒரு வழி செய்தார்கள். எந்த மேட்டில் யானை இறங்கும், எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்! “அப்பல்லாம் ஃபாரஸ்ட்காரங்க வர்ற சத்தம் கேட்டா ஒளியுவோம் சார். யானைக்கு ஒளியறதும் அதே வித்தைதான்” என்றார். குமுளிப் பக்கத்துத் தமிழ். மாமா அவரை உடனே ‘அண்ணாச்சி’ ஆக்கிக்கொண்டார்.

நடக்கும்போது ஒரு வழிகாட்டி முன்னே, நாங்கள் நடுவில், துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவர், கடைசியில் இன்னொரு வழிகாட்டி. பேச்சு கிடையாது. அண்ணாச்சி இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை வைத்திருந்தார். உள்ளே அடுப்புச் சாம்பல். அவ்வப்போது நின்று ஒரு சிட்டிகையை விரல்நுனியில் தட்டிவிடுவார். அது எந்தப் பக்கம் மிதந்து போகிறதோ அந்தப் பக்கம்தான் நம் வாடையும் போகிறது என்று அர்த்தம். யானைக்குக் கண்பார்வை சுமார். மோப்பம் அபாரம். அதனால் காற்றைப் பார்க்காமல் அவர்கள் ஒரு மேட்டையும் தாண்டவில்லை.

முதல் நாள் பிற்பகலுக்குள்ளேயே இதன் அருமை புரிந்தது. புல்மேட்டிலிருந்து இறங்கினால் நீர் தேங்கிய சதுப்புப் புல்வெளி. அதைத் தாண்டினால் மறுபடி அடர்ந்த மரக்காடு. எங்கள் வழி சதுப்பின் ஓரமாகத்தான். முன்னால் போனவர் கையைத் தூக்கினார். புல் ஆள் உயரத்துக்கு நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமாதான் என் முழங்கையைத் தொட்டு, “மாப்ளே, ஏதோ அடிக்கிற சத்தம் கேக்குது பாரு” என்றார். யானை புல்லைப் பிடுங்கியதும் அப்படியே தின்னாது, முன்காலில் அடித்து வேரிலுள்ள மண்ணை உதறும். அந்தச் சத்தம். அப்புறம்தான் புல்லுக்கு மேல் ஒரு முதுகு தெரிந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. குட்டியும் இருந்திருக்க வேண்டும், ஒரு யானை இடத்தை விட்டு நகரவே இல்லை. சாம்பல் எங்கள் பக்கமாகவே வந்தது. ஆகவே எங்கள் வாடை அவற்றுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு வந்த வழியே ஏறி, ஒரு குன்றைச் சுற்றி முகாமுக்குப் போனோம். மதியச் சாப்பாடு சாயங்காலம் ஆனது. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டதற்கு அண்ணாச்சி சொன்னது: “பாத்துட்டோம்ல சார், அதுக திங்கட்டும்.”

அந்தச் சுற்றுவழியில்தான் புலியின் வாசனை கிடைத்தது. ஆம், வாசனைதான். தடித்த மரம் ஒன்றின் முன் நின்று பட்டையை முகர்ந்து பார்த்த இளைய வழிகாட்டி, எங்களையும் முகரச் சொன்னார். பாசுமதி அரிசி வெந்துகொண்டிருக்கும் மணம்! புலி தன் எல்லையைக் குறிக்க மரங்களில் பீய்ச்சும் நீரில் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வாசனை அரிசிகளுக்கு மணம் தருவதும் இதே பொருள்தான். எங்கோ படித்திருந்தேன், நம்பியதில்லை. மணம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், பீய்ச்சி அதிக நேரம் ஆகியிருக்காது என்றார்கள். அங்கிருந்து முகாம்வரை எங்களில் ஒருவரும் பின்தங்கவில்லை.

இனி செந்நாய்கள். இந்தப் பயணத்தில் என் மனதை விட்டுப் போகாதது இதுதான்.

இரண்டாம் நாள் வெயில் தாழ்ந்த நேரம். ஏரியைப் பார்த்த சரிவில் உட்கார்ந்திருந்தோம். கீழே எங்கிருந்தோ சீழ்க்கைச் சத்தம். பறவை என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் காலையில் சீகாரப் பூங்குருவி அப்படித்தான் சீழ்க்கையடித்தது. வனக்காவலர் தலையசைத்து மறுத்தார். செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடுவது அப்படித்தானாம். சற்று நேரத்தில் ஒரு பெண் மிளா, பெரிய மான் வகை, மரங்களுக்குள்ளிருந்து பாய்ந்துவந்து தண்ணீரில் இறங்கியது. வயிறு நனையும் ஆழம் வந்ததும் திரும்பி நின்றது. பின்னாலேயே செந்நிற நாய்கள். அவசரமே இல்லை. இரண்டு தண்ணீரோரம் நடந்தன. மற்றவை புல்லில் படுத்துக்கொண்டன. ஒன்று நீந்திக் கிட்டே போனபோது மிளா முன்கால்களைத் தூக்கித் தண்ணீரில் அறைந்தது. அது திரும்பிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று போனது.

இதுதான் அவற்றின் உத்தி என்றார் அண்ணாச்சி. மிளா தண்ணீருக்கு ஓடும் என்று நாய்களுக்குத் தெரியும், வேண்டுமென்றே அங்கே தள்ளிக்கொண்டு வரும். பிறகு குளிரில் அது களைக்கும்வரை காத்திருக்கும். எங்கள் குழுவில் வந்த பெண் ஒருவர் தாங்க முடியாமல், ஒரு கல்லையாவது எறிந்து விரட்டுங்களேன் என்று கிசுகிசுத்தார். அவருடைய தவிப்பு எனக்குப் புரிந்தது, எனக்கும் அதே தவிப்புதான். ஆனால் அந்த நாய்களுக்குப் பின்னால் பொந்தில் குட்டிகள் இருக்கலாம். இது அவற்றின் பாடு. விரட்ட நாங்கள் யார்? வழிகாட்டிகள் அசையவில்லை. அது சரிதான் என்பது என் கட்சி.

ஒளி மங்கத் தொடங்கியபோது மிளாவே முடிவெடுத்தது. திடீரென்று திரும்பி ஆழத்துக்குள் போய் எதிர்க்கரையை நோக்கி நீந்தியது. தலை மட்டும் தெரிந்தது. நாய்கள் எழுந்து கரையோரமாக ஓடின. ஆனால் இந்த ஏரி சாதாரண ஏரி இல்லை. மதுரைச் சீமைக்குத் தண்ணீர் கொண்டுபோக 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலை இடுக்குகள் எல்லாவற்றிலும் புகுந்து கைவிரல் விரித்தாற்போல் கிடக்கிறது. எதிர்க்கரை கண்ணுக்குப் பக்கம்தான், காலுக்குத் தொலைவு. நாய்கள் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டன. நாங்கள் இருட்டுக்கு முன் முகாமுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் மிளா கரையேறியதைப் பார்க்க முடியவில்லை. தண்ணீரில் மூழ்கிச் செத்த மரங்கள் இன்றும் மொட்டையாக நிற்கின்றன. அவற்றில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் கூடுகட்டுகின்றன. மிளாவின் தலை அந்த மரங்களுக்கு நடுவில் போய் மறைந்தது. அவ்வளவுதான் கண்டோம்.

இரவுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முகாம் ஒரு மேட்டில். சுற்றிலும் யானை தாண்ட முடியாத அகழி. துணிக் கூடாரங்கள், உள்ளே பாயும் போர்வையும். சமையல் வழிகாட்டிகளே. கஞ்சியும் பயறும் அப்பளமும்; நடந்த களைப்புக்கு அதைவிட என்ன வேண்டும்! அவர்கள் முறைவைத்து விழித்திருக்கிறார்கள். நெருப்பு சிறியதாக எரிகிறது, பெரிதாக வளர்ப்பதில்லை.

நடுராத்திரியில் யாரோ கூடாரத் துணியைத் தட்டினார்கள். “சார், எந்திரிங்க. டார்ச் அடிக்காதீங்க.” வெளியே வந்தால் கும்மிருட்டு. அகழிக்கு அப்பால் கிளை முறியும் ஓசை. சில நேரம் சடசடவென்று, சில நேரம் ஒரே ஒரு முறிவு. இடையே ஓர் உறுமல். காதுக்கு எட்டும் முன்பே நெஞ்சில் அதிர்ந்தது. யானையின் பேச்சில் ஒரு பகுதி மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் இருக்கிறது என்பார்கள். நெஞ்சு அதிர்ந்தபோது அது வெறும் செய்தியாக இல்லை. அண்ணாச்சி காதோரம் வந்து ஒரு விஷயம் சொன்னார்: சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் பயமில்லை, அவை மேய்கின்றன. சத்தம் மொத்தமாக நின்றால், நம்மைக் கவனித்துவிட்டன.

அவர் சொல்லி முடித்துச் சற்று நேரத்தில் நின்றது.

முறிவு இல்லை, உறுமல் இல்லை. இத்தனை பெரிய உடம்புகள் அத்தனை பக்கத்தில் இருந்தும் ஒரு சருகுகூட அசையவில்லை. யானையின் பாதம் மெத்தைபோல் கொழுப்பும் தசைநாருமாக இருப்பதால், நினைத்தால் ஓசையே இல்லாமல் நடக்கும். நின்ற இடத்திலேயே நிற்கின்றனவா, நகர்கின்றனவா, தெரியவில்லை. மாமா என் கையைப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு ஒரு குட்டி கீச்சிட்டது, கிளை மறுபடி முறிந்தது. வனக்காவலர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை என்பதைக் காலையில்தான் யோசித்தேன்.

மறுநாள் இரவு யானைகள் வரவில்லை. விடிவதற்கு முன் மிளாவின் எச்சரிக்கைக் குரல் கேட்டது, உலோகத்தில் தட்டியதுபோல் ஒற்றை ஒலி, விட்டுவிட்டு. கேளையாடு என்கிற சின்ன மான் எதற்கு வேண்டுமானாலும் குரைக்கும், மிளா அப்படிப் பதறாது என்று விளக்கினார்கள். புலியா சிறுத்தையா? ஒருவரும் துணிந்து சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பயணிகளைக் குஷிப்படுத்தப் புலி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

காலையில் எதிர்க்கரையில் ஒரு இளம் கொம்பன் தண்ணீர் குடிக்க வந்தது. தொலைநோக்கியில் தந்தங்கள் தெளிவாகத் தெரிந்தன. வழிகாட்டிகள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். எத்தனை யானை பார்த்தவர்கள், இதற்கு ஏன் இவ்வளவு ஆவல் என்று தோன்றலாம். தந்தத்துக்காகக் கொம்பன்களைச் சுட்டுத் தள்ளியதில், 1990களில் வந்த ஆய்வுகளின்படி பெரியாற்றில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் யானைகள் சுமார் நூறு என்ற நிலை இருந்தது. அந்தக் காலத்தையும் அதே காட்டுக்குள் கழித்தவர் அண்ணாச்சி. “நல்லா வளரட்டும்” என்று மட்டும் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏராளம். முழங்கால்வரை கட்டும் அட்டைச் சாக்ஸ் கொடுக்கிறார்கள், அதற்குள் பேண்ட்டை நுழைத்து இறுக்கிக் கட்டுங்கள். கடித்தால் பிய்க்க வேண்டாம், உப்போ புகையிலைத் தூளோ பட்டால் தானே விழும். உடை மங்கலான பச்சை, பழுப்பு. சென்ட், வாசனைச் சோப்பு வேண்டாம். ஏற்ற இறக்கம் நிறைய. மாமா அறுபதைத் தாண்டியவர், தினமும் நடக்கிறவர் என்பதால் சமாளித்தார். நடைப்பழக்கம் இல்லாதவர்கள் ஓர் இரவுத் திட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். ‘காட்டுக்குள் இரவு’ என்று வனத்துறை அனுமதி இல்லாமல் கூட்டிப்போகிறவர்களோடு போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தது இதே மலைத்தொடரில், தேனி மாவட்டத்தில்தான். கோடையில் காய்ந்த புல்மேட்டில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பது அங்கே நடந்து பார்த்தால் தெரியும். எந்த மேட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டியிருக்கிறார்கள், எந்தப் பக்கம் தண்ணீர் என்று தெரிந்தவர்கள் கூட இருந்தே ஆக வேண்டும்.

புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஜீப்பில் போகக்கூடிய கபினி, பந்திப்பூர் பக்கம் போங்கள். அங்கேதான் வாய்ப்பு அதிகம். யானைக்கும் மிளாவுக்கும் பெரியாறு போதும், அதிலும் மாசி, பங்குனியில் ஏரி வற்றிக் கரையோரப் புல்வெளி விரிந்துகிடக்கும்போது. மண்டல, மகரவிளக்குக் காலத்தில் குமுளி முழுக்கச் சபரிமலை பக்தர்கள் கூட்டம், அந்த மாதங்களைத் தவிர்த்தால் தங்கவும் வண்டி பிடிக்கவும் சுலபம். ஒரு நடைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள், ஆகவே காப்பகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.