பிப்ரவரியில் லடாக்: பனியில் விலங்குத் தடம் பார்க்கும் நடைக்கு என்ன கேட்டு ஏற்பாடு செய்வது?

குன்றத்தூரான்:

வணக்கம். பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் ஒன்பது நாள் கையில் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர். மூத்தவருக்கு 54 வயது, இளையவளுக்கு 14. ஹெமிஸ் தேசியப் பூங்காவில் ரும்பக் ஊரில் ஹோம்ஸ்டேயில் தங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு தடம் பார்த்து நடக்கலாம் என்று திட்டம். பனிச்சிறுத்தை கண்ணில் பட்டே தீரவேண்டும் என்று இல்லை. தடம், எச்சம், பறண்டல் இதையெல்லாம் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

விசாரித்த இடத்தில் எல்லாம் "பனிச்சிறுத்தை டூர்" என்றுதான் சொல்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? நாய், ஓநாய், சிறுத்தை மூன்றின் தடத்தையும் புதியவர்கள் பிரித்துச் சொல்ல முடியுமா? பனியே விழாமல் போனால் பயணம் வீணா? சென்னையிலிருந்தே என்ன தயார் செய்துகொண்டு போகவேண்டும்?

புழுதித்தடம்:

இரண்டும் ஒன்றல்ல சார். டூர் என்று விற்பது பெரும்பாலும் நின்று பார்க்கிற வேலை. ஸ்பாட்டர், அதாவது விலங்கைத் தேடிக் காட்டுகிற ஆள், விடியும்போதே ஒரு மேட்டில் ஸ்கோப் என்கிற தொலைநோக்கியை ஊன்றி எதிர்ச்சரிவைத் துழாவுவார். நீங்கள் பிளாஸ்க்கும் கையுமாகப் பின்னால் நிற்பீர்கள். எங்காவது தென்பட்டால் வாக்கி டாக்கியில் சேதி வரும், மொத்தக் கூட்டமும் அங்கே போகும். தடம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. ஏற்பாடு செய்பவரிடம் முதலிலேயே இப்படிக் கேளுங்கள்: குழுவில் ஆறு பேருக்கு மேல் கூடாது, ஒரு வழிகாட்டி தடத்துக்கென்றே வேண்டும், நாளுக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் நடந்தால் போதும், ஒரு தடத்தருகே அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் அவசரப்படுத்தக் கூடாது. "ஸ்கோப் எத்தனை இருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாதம் சரியான மாதம். மேல் மேய்ச்சல் பனியில் மூடிக்கிடப்பதால் நாபோ என்கிற மலை ஆடுகள் கீழ்ச் சரிவுக்கு இறங்கிவிடும், சிறுத்தையும் அதன் பின்னால் வரும். ஜனவரியிலிருந்து மார்ச் நடு வரை இணை சேரும் காலம் என்பதால் எல்லைக்குறி போடுவதும் அப்போதுதான் அதிகம். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பனிச்சிறுத்தை 718, அதில் லடாக்கில் மட்டும் 477. ஆகவே தடம் கிடைக்காது என்று கவலைப்பட வேண்டாம்.

எப்போது நடப்பது என்பதை வெளிச்சம்தான் முடிவு செய்யும். பள்ளத்தாக்கில் வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்திலிருந்து 11 மணி வரை, பிறகு 3 மணியிலிருந்து வெயில் மறையும் வரை. நடுப்பகலில் நிழல் இல்லாமல் குழி தட்டையாகி, கண்ணெதிரே இருக்கிற தடமே தெரியாது. சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் தடம் இருக்கும்படி நில்லுங்கள். உங்கள் முதுகில் வெயில் அடித்தால் பாதி தவறிப்போகும்.

பனி விழாவிட்டால் என்கிற பயம் தேவையில்லை. லடாக் மழைமறைவுப் பகுதி, பனி குறைவாகத்தான் விழும். தெற்குப் பார்த்த சரிவு ஓரிரு நாளில் காய்ந்துவிடும். ஓடைப் படுகையிலும் வடக்குப் பார்த்த சரிவிலும்தான் தங்கும். தடத்துக்கு நல்ல பனி என்பது ஆழமான பனி அல்ல. உறைந்த ஓடையின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் புதுப்பனி இருந்தால் விரல் விரலாகப் பதியும். முழங்கால் அளவுத் தூள்பனியில் எல்லா விலங்கும் வெறும் குழிதான். பனியே இல்லையென்றால் ஒற்றையடிப் பாதையின் மாவுப் புழுதியைப் பாருங்கள், சில நாள் பனியைவிட அதில் நன்றாகப் பதிந்திருக்கும்.

இனி தடம். பனிச்சிறுத்தையின் தடம் ஏறக்குறைய வட்டம், நீளம் 9-10 செ.மீ., அகலம் 7-8 செ.மீ. விரல் நான்கும் ஒரே வரிசையில் இருக்காது, ஒன்று சற்று முன்னால் நிற்கும், நம் கையில் நடுவிரல் நிற்பதுபோல. விரல்களுக்குப் பின்னால் இருக்கிற மெத்தையான பின்திண்டு பெரியது, அதன் பின்விளிம்பில் மூன்று மடிப்பு. ஓநாயும் நாயும் நீள்வட்டம்: நடுவிரல் இரண்டும் சமமாக முன்னால், பின்திண்டு சிறிய முக்கோணம். விரல்களுக்கும் திண்டுக்கும் நடுவே பெருக்கல் குறி ஒன்றைத் தடையில்லாமல் போட முடிந்தால் நாய் இனம். திண்டு குறுக்கே வந்து மறித்தால் பூனை இனம். ஓநாய் 10-12 செ.மீ. வரும். செந்நரி 5-6 செ.மீ. தான், ஊசியில் நூல் கோத்தமாதிரி ஒரே கோட்டில் போகும். சுற்றுலா இடங்களிலும் ராணுவ முகாம் பக்கமும் லடாக்கில் தெருநாய் மிக அதிகம். "ஓநாய்" என்று சொல்லப்படும் தடங்களில் பல அவைதான்.

முயல் தடத்தில்தான் எல்லோரும் திசை மாறிவிடுவார்கள். பக்கம் பக்கமாக இருக்கிற பெரிய இரண்டும் பின்கால், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிற சிறிய இரண்டும் முன்கால். தாவும்போது பின்கால் முன்காலைத் தாண்டி விழுவதால், பெரிய ஜோடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் முயல் போயிருக்கிறது.

சிறுத்தைக்குத் தடத்தைவிடப் பறண்டல் நம்பகமானது. மலைமுகடு, இரண்டு ஓடை கூடும் இடம், செங்குத்துப் பாறையின் அடிவாரம் இங்கே தேடுங்கள். பின்காலால் பின்னோக்கித் தள்ளிய ஒரு சாண் நீளப் பள்ளமும், ஒரு முனையில் குவிந்த மண்ணும் இருக்கும். சில சமயம் குவியலின் மேல் எச்சம். பக்கத்தில் முன்சாய்ந்த பாறை இருந்தால் குனிந்து அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பனி படாத அந்த முகத்தில்தான் மூத்திரம் பீய்ச்சும், நெடி வாரக்கணக்கில் நிற்கும். கன்னத்தைத் தேய்த்ததில் ஒட்டிய முடியும் கிடைக்கலாம். கையால் தொடாதீர்கள், பக்கத்தில் சிறுநீர் கழிக்காதீர்கள். அது அவற்றின் அறிவிப்புப் பலகை.

கல்மேடு:

மேலே சொன்னது சரி. ஆனால் பெருக்கல் குறி, நகக்குறி (நாய்க்கு நகம் பதியும், பூனை இனத்துக்குப் பதியாது என்பார்கள்) இரண்டையும் ஒற்றைத் தடத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இறுகிய பனியில் நாயின் நகம் பதியாமலே போகும். பனிக்கட்டிச் சரிவில் சிறுத்தை பிடிமானத்துக்கு நகத்தை நீட்டும். போதாக்குறைக்குச் சிறுத்தையின் பாதத்தில் குளிர்காலத்தில் அடர்த்தியாக முடி இருப்பதால் புதுப்பனியில் ஓரம் மங்கலாக விழும். குறைந்தது பத்துப் பதினைந்து தடத்தைத் தொடர்ந்து பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்லவேண்டும். சிறுத்தை நடக்கும்போது முன்கால் வைத்த இடத்திலேயே ஏறக்குறையப் பின்கால் வைக்கும். பாறை நிழலை ஒட்டிப் போகும், இடையிடையே நின்று குறி போடும். நாய் அலைபாயும், திரும்பி வரும், மோந்து பார்க்கும். ஓநாய் வேலைக்குப் போகிறவன் மாதிரி நேராகப் போகும்.

இன்னொரு பெரிய பிழை அளப்பதில் வருகிறது. தடத்தின் மேல்விளிம்பிலிருந்து மேல்விளிம்புக்கு அளக்கிறார்கள். அது சரிந்த சுவர், பாதம் அல்ல. குழியின் அடித்தளம் சுவரோடு சேரும் கோட்டை அளக்கவேண்டும். இரண்டுக்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும், நரி நாயாகும், நாய் ஓநாயாகும்.

வெயில் இதைவிட மோசம். ஒரு மதியம் உருகினால் தடம் ஒன்றரை மடங்கு ஆகும்; முன்கால் தடமும் பின்கால் தடமும் சேர்ந்துகொண்டால் நீளமான ஒற்றைப் பாதம் போலத் தெரியும். 2019 ஏப்ரலில் நேபாளத்தின் மக்காலு முகாம் அருகே 32 அங்குலத்துக்கு 15 அங்குலத் தடம் என்று இந்திய ராணுவம் எட்டியின் (கதைகளில் வரும் பனிமனிதன்) தடம் எனப் படம் போட்டு, நாடே ஒரு வாரம் சிரித்தது நினைவிருக்கும். கரடித்தடம் உருகிப் பெருத்ததாக இருக்கலாம் என்றே பலர் விளக்கினார்கள். ஆகவே மதியத்துக்கு மேல் வெயில்படும் சரிவில் எதையும் அளக்காதீர்கள். நிழலில் இருக்கிற தடத்துக்குப் போங்கள்.

தடம் எப்போது பதிந்தது என்பதற்குப் பனி நின்ற மணியை முதலில் குறித்துவையுங்கள். அதற்கு முந்தையது மூடியிருக்கும், மூடாதது பிந்தையது. பிறகு விரல். கையுறையைக் கழற்றி விளிம்பை மெல்லத் தட்டுங்கள்: சர்க்கரை போல உதிர்ந்தால் புதிது, அப்பளம் போல உடைந்தால் ஓர் இரவு கடந்தது. உள்ளே ஊசி ஊசியாக உறைபனி பூத்திருந்தாலும் அப்படியே. காற்று பலமாக அடிக்கிற முகட்டில் விசித்திரம் ஒன்று உண்டு. சுற்றியிருந்த தூள்பனியைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும், மிதிபட்டு இறுகிய பனி மட்டும் நிற்கும். தடம் குழியாக இல்லாமல் சின்னச் சின்ன மேடையாக வரிசையில் எழுந்து நிற்கும். அது பழையது.

புதுத்தடம் கிடைத்தால் அது போன திசையில் போகாதீர்கள், வந்த திசையில் பின்னோக்கிப் போங்கள். குளிர்காலத்தில் விலங்கை ஒருமுறை எழுப்பி ஓடவிட்டால் அதற்கு அது பெரிய செலவு. பின்னோக்கிப் போனாலும் எங்கே படுத்தது, எங்கே பதுங்கியது எல்லாம் தெரிந்துவிடும். ஆழப்பனியில் திசை தெரியாவிட்டால், காலைத் தூக்கும்போது சிதறிய பனித்தூள் குழிக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள், அதுதான் முன்பக்கம். எல்லோரும் தடத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி, வழிகாட்டிக்குப் பின்னால் ஒற்றை வரிசையில். கேமரா ட்ராப் (விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமரா) இருந்தால் அதன் முன்னால் நின்று கையாட்டாமல் சுற்றிப் போய்விடுங்கள்.

லே_வாசி:

தடத்தைப் பற்றி இவர்கள் சொல்லிவிட்டார்கள். உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணம் கெடுவது அதில்தான்.

லே 3,500 மீட்டர், ரும்பக் ஏறக்குறைய 4,000. சென்னையிலிருந்து டில்லி வழியாக விமானத்தில் இறங்கும் அன்று படுக்கை, மறுநாள் ஊருக்குள் மெல்ல நடை, மூன்றாம் நாள்தான் மேலே. ஒன்பது நாளில் இரண்டு நாள் லேயில், நான்கு அல்லது ஐந்து இரவு ரும்பக்கில். கடைசி இரண்டு நாளை உபரியாக வையுங்கள். காலை விமானம் வானிலையால் ரத்தானால் அன்றைக்கு வேறு வழி கிடையாது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கிற அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று குடும்ப டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். 14 வயதுப் பெண்ணுக்குத் தனியாகக் கேளுங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறக்கூடாது. குதிகாலையும் விரலையும் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அந்த நிமிடமே கீழே இறக்கவேண்டும், காலை வரை பொறுக்கக் கூடாது.

இரவில் குளிர் மைனஸ் 20-க்கும் கீழே போகும். ஸ்னோஷூ தேவைப்படாது, ஷூவில் மாட்டுகிற மைக்ரோ ஸ்பைக் தேவை. ஓடைப்பனிக்கட்டியில் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்தம் ஓடாமல் விரல்தான் முதலில் மரத்துப்போகும். கையில் மெல்லிய உள் கையுறை, அதற்கு மேல் விரல் பிரியாத தடித்த உறை; அளக்கும்போது மேலுறையை மட்டும் கழற்றலாம். தண்ணீர் பாட்டிலைப் பையில் தலைகீழாக வையுங்கள், மேற்பரப்பில்தான் முதலில் உறையும், வாய் திறந்தே இருக்கும். பேட்டரி சட்டைப்பைக்குள். கேமராவை அறைக்குள் கொண்டுபோகுமுன் வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸ் வியர்க்கும். முகட்டில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இரண்டு மணி நேரம் நடந்தால் இரவில் கண்ணில் மணல் போட்டமாதிரி எரியும்.

ஹோம்ஸ்டேயில் குழாய்த் தண்ணீரோ ஃப்ளஷ்ஷோ எதிர்பார்க்காதீர்கள், மண் தள்ளுகிற உலர் கழிப்பறைதான், குளிருக்கு அதுதான் ஏற்றது. அறையைச் சூடாக்குகிற புகாரி அடுப்பு எரியும்போது அறையைச் சாத்திக்கொண்டு தூங்கவேண்டாம், அணைத்துவிட்டுப் படுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

குன்றத்தூரான்:

மூவருக்கும் நன்றி. பின்னோக்கிப் போகவேண்டும் என்பது தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இங்கேயே பழகிப்பார்க்க வழி உண்டா? பொண்ணு இப்போதே நோட்டுப் போட்டுவிட்டாள்.

புழுதித்தடம்:

உண்டு. விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போங்கள், நாய்த்தடத்துக்குப் பஞ்சமில்லை. ஈர மணலில் ஒன்று, காய்ந்த மணலில் ஒன்று என அதே நாயின் தடத்தை இரண்டு இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். ஆழம் கூடினால் அளவு எப்படி ஏமாற்றும் என்பது அங்கேயே புரியும். பூனைக்குக் கறுப்புத் தரையில் கோலமாவைச் சல்லடையில் மெல்லிசாகத் தூவி, அந்தப் பக்கம் கொஞ்சம் மீனை வையுங்கள். மூன்று மடிப்புத் திண்டு, முன்னால் நிற்கும் ஒற்றை விரல், இடக்காலா வலக்காலா, எல்லாம் அதில் இருக்கிறது. பனிச்சிறுத்தை அதே சித்திரம்தான், மூன்று மடங்கு.

படத்துக்கு: போனை நேர் மேலே பிடிக்கவேண்டும், சாய்த்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். பனியைப் போன் சாம்பல் நிறமாக இருட்டடிக்கும், திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பக்கத்தில் ஸ்கேல் கட்டாயம். பிளாஸ்டிக் ஸ்கேல் அந்தக் குளிரில் மடக்கென்று ஒடியும், ஸ்டீல் ஈர விரலில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூட மர ஸ்கேல் இரண்டு எடுத்துப்போங்கள், ஒன்று எப்படியும் பனியில் தொலையும்.