திரைவாசிப்பான் பயன்படுத்துவோரின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மருந்து வேளைகளை நினைவூட்டும் கைபேசிச் செயலி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்காகப் பொத்தான்கள் அனைத்துக்கும் பெயர் இட்டு, தொடுபரப்பை ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபி (dp, திரை அளவீட்டு அலகு) அளவுக்குக் குறையாமல் வைத்து, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 நிறவேறுபாடு இருப்பதையும் உறுதிசெய்துள்ளேன். ஆயினும், ஒரு மருந்தை உட்கொண்டதாகக் குறித்ததும் அது பட்டியலிலிருந்து நீங்கிவிடுவதால், ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கின் கவனம் (அது அப்போது படிக்கும் இடம்) திரையின் உச்சிக்குத் தாவிவிடுகிறது. அடுத்த மருந்தை அடைய, பயனர் மறுபடியும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்து வர வேண்டியிருக்கிறது. மருந்து விஷயத்தில் இத்தகைய தடுமாற்றம் ஆபத்தானது என்றே கருதுகிறேன். கவனத்தை அடுத்த மருந்துக்கு நகர்த்துவது நல்லதா, அல்லது குறித்த மருந்தை அங்கேயே இருக்கவிட்டு மாற்றத்தைக் குரலில் மட்டும் அறிவிப்பது நல்லதா? டாக்பேக் அல்லது ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரை அன்றாடம் பயன்படுத்துவோர் தயவுசெய்து கூறுங்கள். சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திப் பார்க்க முன்வருவோருக்கு மிகுந்த நன்றியுடன் அனுப்பிவைப்பேன்.