முடக்குவாதத்துக்குச் சீனக் கொடிமருந்து: எடுக்கலாமா, கூடாதா?

இளவேனில்:
சீன மூலிகை என்றாலே ஏமாற்று வேலை என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். லெய்கோங்தெங் கொடியின் வேரைப் பாருங்கள். பெய்ஜிங் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாத நோயாளிகள் 207 பேர், 24 வாரம். இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை மட்டும் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு நோய் பாதியளவுக்குத் தணிந்தது. கொடிச் சாறு மட்டும் எடுத்தவர்களில் 55, இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 77. இதை எப்படி ஒதுக்குவீர்கள்?

மருந்துப்பெட்டி:
ஒதுக்கவில்லை நண்பரே. ஆனால் யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. வலி குறைந்ததா என்று நோயாளியிடமே கேட்டு எழுதும்போது இது முடிவைப் பாதிக்கும். சரி, மருந்து வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதிலுள்ள திரிப்டோலைடு என்ற வேதிப்பொருள், செல்லுக்குள் மரபணுக்களின் தகவல் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவதையே தடுக்கிறது. வீக்கம் அடங்குவதும் அதனால்தான், ஆண்களுக்கு விந்தணு குறைவதும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும் அதனால்தான். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பிள்ளை பெற நினைக்கும் பெண்ணுக்கு இதை எந்தத் தைரியத்தில் கொடுப்பீர்கள்?

இளவேனில்:
மெத்தோட்ரெக்ஸேட்டும் கருவைக் கெடுக்கும், கல்லீரலைத் தாக்கும். அதை யாரும் கைவிடவில்லையே.

மருந்துப்பெட்டி:
அதற்கு அளவு தெரியும், வாரம் ஒரு நாள்தான். இரத்தப் பரிசோதனை உண்டு, கருத்தரிக்கும் முன் நிறுத்தவும் முடியும். இந்தக் கொடியால் நின்ற மாதவிடாய், அதிலும் நாற்பதை நெருங்கியவர்களுக்கு, திரும்பி வராமலே போகலாம்.

தாமரை:
எனக்கு இந்த நோய் இருக்கிறது. ‘மூட்டுவலிக்குச் சீனப் பொடி’ என்று இணையத்தில் விற்பதைப் பார்த்தாலே பயம். பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு செடி கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் எத்தனையோ பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல்தான் காரணம் வெளியே வந்தது. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

இளவேனில்:
அக்கா, பொடி வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை. மாதவிடாய் நின்றுபோன, மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாத பெண்களுக்கு, அளவு நிர்ணயித்த மாத்திரையாக, மூட்டு மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

மருந்துப்பெட்டி:
அதற்கு முதலில் எல்லாத் தயாரிப்பிலும் திரிப்டோலைடு ஒரே அளவில் இருக்க வேண்டும். வேர்ப்பட்டையிலும் இலையிலும் நஞ்சு அதிகம், பட்டையைச் சரியாக நீக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த உறுதி கிடைக்கும்வரை நான் யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.