கம்பெனிக் கணக்கில் வரும் 'கேஷ்', 'கேஷியர்': எப்படி மொழிபெயர்ப்பது? உதவி தேவை

தேன்மொழி:
வணக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். 'கேஷ்' என்ற சொல் படுத்தி எடுக்கிறது.

ஓரிடத்தில் சம்பளக் கணக்கு வருகிறது: 2 பகோடா, 20 ஃபனம், 40 கேஷ். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் '40 ரொக்கம்' என்கிறது. இன்னோர் இடத்தில், சர் ராபர்ட் ஃபிளெட்சர் என்ற படை அதிகாரி 1766இல் 'கேஷியர்' செய்யப்பட்டார் என்று இருக்கிறது. செயலி 'காசாளராக்கப்பட்டார்' என்கிறது. முன்னும் பின்னும் படித்தால் ஏதோ தண்டனை மாதிரி தெரிகிறது.

அப்புறம், ஆங்கிலக் 'கேஷ்' நம் 'காசு'விலிருந்துதான் போனது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அடிக்குறிப்பில் அப்படியே எழுதலாமா?

செப்புக்காசு:
கணக்கை முதலில் முடித்துவிடலாம். பகோடா என்பது வராகன், ஃபனம் என்பது பணம், கேஷ் என்பது காசு. அன்றைய சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். '2 வராகன், 20 பணம், 40 காசு' என்று எழுதுங்கள். 40 காசு என்பது அரைப் பணம். ரொக்கம் என்று போட்டால் கணக்கே குழம்பிவிடும்.

என் சேகரிப்பில் 1808ஆம் ஆண்டுச் செப்பு நாணயம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம். மறுபக்கம் ரோம எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. அதற்கு மேலே பாரசீக எழுத்தில் 'இருபது காசு, நான்கு ஃபுலூஸ்' என்ற பொருளில் வாசகம் (ஃபுலூஸ் என்பதும் செப்புக் காசின் பெயர்தான்). பாரசீகத்திலும் 'காஸ்' என்றே பொறித்திருக்கிறார்கள். பர்மிங்காமில் அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பிய காசு இது. இதே வகைக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து ஏராளமாக எடுத்தார்கள். இன்று சந்தையில் இவை சாதாரணமாகக் கிடைப்பது அதனால்தான்.

திண்ணைவாசி:
அடிக்குறிப்பில் அப்படியே எழுத வேண்டாம் அம்மா. பாதிதான் சரி. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு தனிச் சொற்கள் உண்டு. எழுத்து ஒன்று, வேர் வேறு.

ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் லத்தீன் 'காப்சா'விலிருந்து வந்தது. காப்சா என்றால் பெட்டி. இத்தாலியத்தில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்', அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு. முதலில் பணப்பெட்டிக்குத்தான் அந்தப் பெயர், பிறகு உள்ளே இருக்கும் பணத்துக்கும் ஆனது. நம் கடைகளில் கல்லா என்பது பெட்டியையும் குறிக்கும், 'இன்னைக்குக் கல்லா எவ்வளவு?' என்றால் பணத்தையும் குறிக்கும், அது போலத்தான்.

சில்லறை நாணயம் என்ற பொருளில் வரும் கேஷ்தான் நம் காசு. போர்ச்சுகீசியர்கள் இங்கே கேட்ட 'காசு'வைத் தங்கள் மொழியில் 'காய்ஷா' என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்தான், அதுவும் அந்த லத்தீன் காப்சாவிலிருந்து வந்ததே. இரண்டு சொற்களும் அங்கேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆங்கிலேயர் வாய்க்கு வந்தபோது இரண்டும் ஒரே ஒலி. குழப்பத்தின் ஊற்றுக்கண் இதுதான்.

நடுவில் சதுர ஓட்டை போட்டுச் சரம் கோத்து வைக்கும் சீனச் செப்பு நாணயத்தை ஆங்கிலத்தில் கேஷ் என்பார்கள். சீனர்கள் அதை அப்படி அழைக்கவில்லை. இந்தியக் கடற்கரையில் பழகிய பெயரை வியாபாரிகள் கிழக்கே கொண்டுபோனார்கள். என் பார்வையில் அடிக்குறிப்பில் எழுத வேண்டிய பெருமை இதுதான். உலகத்து ரொக்கத்தையெல்லாம் நமதென்று சொல்லிக்கொள்ளத் தேவையே இல்லை.

தேன்மொழி:
மிக்க நன்றி ஐயா. 'காசு' தமிழிலேயே எவ்வளவு பழையது? போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்திருக்க வாய்ப்புண்டா?

திண்ணைவாசி:
இல்லவே இல்லை. குறுந்தொகை 67ஆம் பாட்டைப் பாருங்கள். கிளி வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்காசை நகநுனியில் பிடித்திருப்பது போல அது தெரிகிறது. காசுமாலையின் காசு அது. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நாணயமாகவே வருகிறது. வடமொழியில் 'கர்ஷ' என்ற எடைப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் அகராதிகளும் உண்டு. எப்படியானாலும் போர்ச்சுகீசியர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே இருந்த சொல்.

பழையபட்டாளம்:
ஃபிளெட்சர் விஷயத்துக்கு நான் வருகிறேன். 'கேஷியர்' என்ற வினைச்சொல்லுக்கும் கல்லாவில் உட்காரும் கேஷியருக்கும் உறவே கிடையாது. இது டச்சு 'காசேரன்', பிரெஞ்சு 'காஸே' வழியாக வந்தது. உடைப்பது, செல்லாததாக்குவது என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் போரிட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் கொண்டுவந்த படைச்சொல். அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியைப் பறிப்பதற்குச் சொல்வார்கள்.

உங்கள் கட்டுரையில் வருவது, இன்றைய பீகாரில் உள்ள முங்கேரில் கம்பெனிப் படை அதிகாரிகள் செய்த கலகமாகத்தான் இருக்க வேண்டும். கிளைவ் வங்காளப் படை அதிகாரிகளின் இரட்டை பேட்டாவை நிறுத்தினார். நாம் இன்றும் சொல்கிற அதே பேட்டாதான். அதிகாரிகள் கூட்டமாகப் பதவி விலகக் கிளம்பினார்கள். அதில் பங்கிருந்ததாக ஃபிளெட்சரைப் படை நீதிமன்றம் தண்டித்தது. பிற்பாடு பதவி திரும்பக் கிடைத்து, சென்னைக்கே படைத்தலைவராக வந்தார். 1776இல் ஆளுநர் பிகட்டைச் சிறைபிடித்த விவகாரத்தில் இவரும் உண்டு.

தேன்மொழி:
அருமை அண்ணா. 'படை நீதிமன்றத் தீர்ப்பின்படி இழிவுடன் பதவி பறிக்கப்பட்டார்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

பழையபட்டாளம்:
சரியாக இருக்கிறது. அப்படியே விடுங்கள்.

செப்புக்காசு:
ஒன்று விட்டுப்போச்சு. 1818இல் சென்னையில் ரூபாய்க் கணக்கு வந்துவிட்டது, ஒரு வராகன் மூன்றரை ரூபாய். கட்டுரையில் அதற்குப் பிந்தைய கணக்கு ஏதாவது இருந்தால், தொகையை மாற்றாமல் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.