புதுப் பாலமா, பழைய பாலத்தின் வடிகாலா?

தூண்தாங்கி:
பாலத்துக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது என்றால், பழையதைச் சரிசெய்துவிட்டுப் புதியதைத் தொடு என்பதுதான் என் கட்சி. பாலத்தைக் கெடுப்பது பாரத்தைவிடத் தண்ணீர்தான். பாலத் தளத்தின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே, வெயிலில் அவை விரிவதற்காக விடும் இடைவெளியான விரிவு இணைப்பில் ரப்பர் கிழிந்தால், மழைத்தண்ணீர் நேராக உத்தரத்தின் முனையிலும் அதைத் தூணின் மேல் தாங்கும் பேரிங்கின் மேலும் இறங்கும். அங்கே மண்ணும் குப்பையும் சேர்ந்து ஈரம் காயவே காயாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஃபெர்ன் ஹாலோ பாலம் 2022 ஜனவரியில் விழுந்தது. வடிகால் அடைத்து, இரும்புக் கால்கள் அரித்துக்கொண்டிருப்பது ஆய்வறிக்கைகளில் ஆண்டுக்கணக்காக எழுதப்பட்டே வந்தது. வேலைதான் நடக்கவில்லை.

கான்கிரீட்டில் ஒட்டு வேலைக்கும் முறை உண்டு. சுத்தியலால் தட்டி, பொக்கையாகச் சத்தம் வரும் இடத்தைக் குறிக்க வேண்டும். ஓரத்தை மெஷினால் நேராக வெட்டி, உள்ளே இருக்கும் கம்பிக்குப் பின்னால் சுமார் 20 மி.மீ. வரை கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமாக நீக்கிய பிறகே கலவை. பல இடங்களில் கம்பியின் முன்பக்கம் தெரிந்ததும் கொத்துவதை நிறுத்திப் பூசிவிடுகிறார்கள். பின்பக்கத் துரு பருத்து, ஒட்டை அப்படியே தள்ளிவிடும். உப்பு ஏறிய கான்கிரீட் என்றால் இன்னொரு வில்லங்கம்: ஒட்டு நன்றாக இருக்கும், அதை ஒட்டிய பழைய பகுதியில் புதிதாகத் துரு கிளம்பும்.

தார்ச்சாலை:
ரோட்டுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். விரிசலை மழைக்கு முன் அடைத்தால் சின்னச் செலவு. விட்டால் தண்ணீர் ஜல்லி அடுக்குக்குள் இறங்கி, அடித்தளமே இளகும். அதற்கு மேல் புதுத் தார் போட்டாலும் அதே விரிசல் மேலே வந்து நிற்கும். பாலத்தின் மேல் இது இன்னும் மோசம்: பழைய தாரைச் சுரண்டாமல் 50 மி.மீ. ஏற்றினால், சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ நிரந்தரச் சுமை. அடுத்தது லாரி எடை. சக்கர அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கில் (சுமை ஏறிய மடங்கை நான்கு முறை பெருக்கிய அளவில்) சேதம் ஏறும் என்பது தோராய விதி. 8 டன் அச்சு 10 டன் ஆனால் சேதம் ஏறக்குறைய 2.4 மடங்கு. எடைமேடையில் கண்ணை மூடிக்கொண்டு ரோடு போடுவது வீண்.

முறுக்குக்கம்பி:
எல்லாவற்றுக்கும் ரிப்பேர்தான் முதலில் என்று சொல்லாதீர்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பரில் விழுந்ததற்கு முக்கியக் காரணம், கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஏற்பட்ட அழுத்த அரிப்பு விரிசல், அதாவது இழுவிசையில் இருக்கும் கம்பி அரிப்பால் வெடிப்பது. வெளியே கறை தெரியாது, சுத்தியலுக்கும் சிக்காது. அந்த வகைக் கம்பி போட்ட பாலத்துக்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை.

தூண்தாங்கி:
ஒத்துக்கொள்கிறேன். அங்கே கனரக வண்டியை உடனே தடுத்து, கம்பி அறுபடும் ஓசையைப் பிடிக்கும் சென்சார் வைத்துவிட்டு, மாற்றுப் பாலத்தை ஆரம்பிக்கலாம். ஆனால் அதைப் புதுத் திட்டம் என்று எழுதாமல் பராமரிப்புக் கணக்கிலேயே எழுதுங்கள். புதுத் திட்டத்துக்குக் கடன் சுலபமாகக் கிடைக்கும். வடிகால் சுத்தம் செய்வதற்கோ வருடாந்திர ஒதுக்கீடுதான், நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.