தேங்க்ஸ்கிவிங்குக்கு முதல் முறை டர்க்கி சமைக்கிறீர்களா? எந்த முறை யாருக்கு ஒத்துவரும்

நவம்பர் பிறந்தாலே புதிதாக வந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "ஆபீஸ் நண்பர்களை தேங்க்ஸ்கிவிங்குக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டோம், டர்க்கியை என்ன செய்வது?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதாமல் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கானது இது. அதனால் எடை எல்லாம் பவுண்டில், சூடு எல்லாம் ஃபாரன்ஹீட்டில்.

ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். டர்க்கி என்கிற வான்கோழியின் நெஞ்சுக்கறிக்கும் கால்கறிக்கும் ஒத்தே போகாது. நெஞ்சில் கொழுப்பு கிடையாது. உள்சூடு 165 டிகிரியைத் தாண்டி ஏற ஏற வறண்டு சக்கையாகிவிடும். தொடையும் காலும் நடந்து நடந்து உரமேறிய கறி. 165 டிகிரியில் சாப்பிடலாம், பாதுகாப்புதான். ஆனால் 175, 180 வரை போனால்தான் எலும்பிலிருந்து மெத்தென்று கழன்று வரும். இரண்டும் ஒரே பறவையில் இருக்கின்றன, ஒரே ஓவனில் வேக வேண்டும். அதிலும் மேலே துருத்திக்கொண்டிருப்பது நெஞ்சுதான், எனவே அதுதான் முதலில் காயும். "டர்க்கியா, அது சப்பென்று இருக்குமே" என்று நம் ஆட்கள் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இத்தனை சமையல் முறைகள் இருப்பதும் இந்த ஒரு சண்டையைத் தீர்க்கத்தான்.

அதனால் எந்த முறையானாலும் முதல் செலவு ஒரு தெர்மாமீட்டர். கறியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வகை 15, 20 டாலருக்குக் கிடைக்கும். சில பறவைகளின் நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் குச்சி சொருகியிருப்பார்கள், வெந்ததும் மேலே எழும்பும் என்பார்கள். அதை நம்ப வேண்டாம். அது எழும்பும்போது நெஞ்சு பல சமயம் காய்ந்தே போயிருக்கும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு 165 டிகிரி. நெஞ்சின் தடித்த இடம், தொடையின் உள்பக்கம், இறக்கையின் உள்பக்கம் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். முனை எலும்பில் படக்கூடாது.

வாங்கும்போது ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலும்பும் சேர்ந்த எடை அது. நவம்பரில் ஃப்ரோஸன் டர்க்கியை சூப்பர்மார்க்கெட்டுகள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும், இவ்வளவு டாலருக்குச் சாமான் வாங்கினால் இலவசம் என்றுகூட போடுவார்கள். அதைப் பார்த்து 22 பவுண்டு பறவையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். முதல் முறைக்கு 12 பவுண்டு போதும். கூட்டம் பெரிது என்றால் 12 பவுண்டு ஒன்றும், தனியாக நெஞ்சுப் பகுதி ஒன்றும் வாங்குவது ஒரே பெரிய பறவையோடு மல்லுக்கட்டுவதைவிட மேல். ஹலால் வேண்டுமென்றால் ஹலால் கறிக்கடையில் மாத ஆரம்பத்திலேயே சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்று, லேபிளைப் படியுங்கள். இத்தனை சதவீதம் உப்புக் கரைசல் சேர்த்தது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், தொழிற்சாலையிலேயே உப்பு ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் நீங்களும் உப்பில் ஊறவைத்தால் வாயில் வைக்க முடியாது.

பனிக்கட்டியை இளக்குவதுதான் பலரைக் கவிழ்க்கும் இடம். ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளக்கினால் 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். 12 பவுண்டுக்கு மூன்று நாள். தேங்க்ஸ்கிவிங் எப்போதும் நவம்பரின் நான்காவது வியாழன். ஆக, சனிக்கிழமை மாலை ஃப்ரீஸரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு இறக்கிவிடுங்கள். விளிம்புள்ள டிரேயில் வைத்து அடித்தட்டில்தான் வைக்க வேண்டும். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவும் தயிரும் எப்படியும் இருக்கும், பச்சைக்கறித் தண்ணீர் அதில் சொட்டக்கூடாது. சமையல் மேடையில் ராத்திரி முழுக்க வெளியே வைத்து இளக்குவது கூடவே கூடாது. உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கெட ஆரம்பித்துவிடும்.

அப்புறம், கழுவுவது. மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீர் கழுவாமல் கறியை அடுப்பில் ஏற்றுவதற்கு நமக்கு மனசு வராது. ஆனால் இங்கே வேளாண் துறை திரும்பத் திரும்பச் சொல்வது, கழுவாதீர்கள் என்றுதான். 12 பவுண்டு பறவையைக் குழாயடியில் பிடித்தால் தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் சிங்க், மேடை, பக்கத்தில் கிடக்கும் கொத்தமல்லி என்று எல்லா இடத்துக்கும் போகும். கிருமியைக் கொல்வது சூடுதான், தண்ணீர் இல்லை. பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள், போதும். மனசு கேட்கவில்லை என்றால் மஞ்சளை மசாலாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவையின் வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்துத் தோலுக்கு அடியிலும் கையை விட்டுப் பாருங்கள்: கழுத்து, ஈரல் வகையறாக்களைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் ஓவனில் வைத்தவர்கள் ஏராளம்.

உப்பு விஷயத்தில் என் அபிப்பிராயம்: வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து முழுப் பறவையை முக்குவதெல்லாம் அப்பார்ட்மென்ட்டுக்கு ஆகாது. அந்த வாளியை வைக்க ஃப்ரிட்ஜில் இடம் எங்கே? கரைசல் ஏற்றாத பறவைக்கு, 4, 5 பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு (பரல் பெரிதாக இருக்கும் உப்பு) வீதம் உள்ளும் புறமும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் அதே பலன். தூள் உப்பாக இருந்தால் பாதி போதும். உப்பு மெல்ல உள்ளே இறங்கும், தோல் காய்ந்து, வேகும்போது மொறுமொறுப்பாகும். செவ்வாய் மாலை தடவினால் வியாழனுக்குச் சரியாக இருக்கும்.

இனி முறைகள்.

படத்தில் பார்க்கும் முழுப் பறவை ரோஸ்ட் தான் எல்லோருக்கும் ஆசை. 325 டிகிரி ஓவனில், வயிற்றில் எதுவும் அடைக்காத 12 முதல் 14 பவுண்டு பறவைக்கு 3 முதல் மூன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். நெஞ்சு பொன்னிறமானதும் அதன் மேல் மட்டும் அலுமினியத் தாளைக் கவிழ்த்து வையுங்கள். அரை மணிக்கொரு தரம் ஓவனைத் திறந்து நெய்யை ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடு போய்விடும். வயிற்றுக்குள் ரொட்டிக் கலவை அடைப்பதையும் விட்டுவிடலாம். உள்ளே இருக்கும் அந்தக் கலவையும் 165 தொட வேண்டும், அது தொடுவதற்குள் நெஞ்சு போயிருக்கும். தனிப் பாத்திரத்தில் செய்தால் சைவ நண்பர்களும் சாப்பிடலாம். எல்லாம் சரியாக அமைந்தாலும் இந்த முறையில் நெஞ்சு-கால் தகராறு முழுதாகத் தீராது என்பதுதான் உண்மை.

கடையில் ஓவன் பை என்று ஒன்று விற்கும். அதற்குள் ஒரு கரண்டி மைதா தூவிக் குலுக்கி, பறவையை வைத்துக் கட்டி, மேலே நாலைந்து கீறல் போட்டு 350 டிகிரியில் வைத்தால் 12 முதல் 16 பவுண்டு பறவை 2 முதல் இரண்டரை மணியில் வெந்துவிடும். ஆவியில் வேகுவதால் காயாது. தோல் மொறுமொறுப்பாக இருக்காது, அவ்வளவுதான். பயந்தவர்களுக்கு இதுதான் துணை.

நான் சிபாரிசு செய்வது பறவையைப் பிளந்து விரிக்கும் முறை. இங்கே இதை ஸ்பாட்ச்காக் என்பார்கள். பறவையைக் குப்புறப் போட்டு, வால் பக்கத்திலிருந்து முதுகெலும்பின் இரு பக்கமும் கனமான கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே போய் எலும்பை எடுத்துவிட வேண்டும். இடுப்பெலும்பு வரும் இடத்தில் கொஞ்சம் தம் பிடிக்க வேண்டியிருக்கும். பிறகு மல்லாக்கத் திருப்பி, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்செலும்பின் மேல் வைத்து உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினால் "மொடுக்" என்று முறிந்து தட்டையாகும். வீட்டில் வெட்ட வராது என்றால் கறி கவுன்ட்டரில் கேளுங்கள், பல கடைகளில் செய்து தருவார்கள், ஆனால் பனி இளகிய பறவையாக இருக்க வேண்டும். தட்டையாக்கியதும் கால்கள் இரண்டும் வெளியே விரிந்து நேரடியாகச் சூட்டில் கிடக்கும், நெஞ்சும் அதே மட்டத்துக்கு இறங்கிவிடும். நெஞ்சு 165-ஐத் தொடும் நேரத்தில் தொடை 175-க்கு வந்திருக்கும். தகராறு தீர்ந்தது. 425 முதல் 450 டிகிரி சூட்டில் 12 பவுண்டு பறவை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் தயார். ஒரு மணி நேரம் ஆனதுமே குத்திப் பார்க்க ஆரம்பியுங்கள்.

ஒரே எச்சரிக்கை, அந்தச் சூட்டில் டிரேயில் விழும் கொழுப்பு புகையும், அப்பார்ட்மென்ட்டில் ஸ்மோக் அலாரம் அலறும். டிரேயில் கம்பித் தட்டுக்கு அடியில் வெங்காயம், கேரட், செலரியைப் பரப்பிக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் புகையாது. அந்தச் சாறே கிரேவிக்கும் ஆகும். விரித்த பறவைக்குப் பெரிய டிரே வேண்டும். வாங்கும் முன் ஓவனின் அகலத்தை அளந்துவிடுங்கள், சிறிய ஓவனில் நுழையாது.

மசாலா? தாராளமாக. ஆனால் இஞ்சி பூண்டு விழுதையும் மிளகாய்த்தூளையும் தோலுக்கு மேல் அப்பினால் அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். கழுத்துப் பக்கமிருந்து விரலை விட்டுத் தோலை மெல்லக் கறியிலிருந்து பிரித்து, வெண்ணெயில் பூண்டு, மிளகு, சோம்புத்தூள், நறுக்கிய கறிவேப்பிலை குழைத்து உள்ளே தள்ளுங்கள். வெளித்தோலுக்கு எண்ணெய் மட்டும். காரத்துக்குப் பழகாத விருந்தாளிகள் மிளகைச் சாப்பிட்டுவிடுவார்கள், பச்சை மிளகாயை யோசித்துப் போடுங்கள்.

முழுப் பறவை மேஜைக்கு வந்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நாலு பேர்தான் என்றால் எலும்போடு நெஞ்சுப் பகுதி தனியாக, தொடை தனியாக வாங்குங்கள். நெஞ்சை ஓவனில் வையுங்கள். தொடையை வெங்காயம் தக்காளி வதக்கி மூடி போட்ட கனமான பாத்திரத்தில் குழம்பாக நிதானமாக வேகவிடுங்கள், அல்லது குக்கரில் சிக்கனுக்கு விடுவதைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியில் ஈர்க்கு ஈர்க்காகக் கெட்டியான நரம்புகள் இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் அவற்றை உருவிவிடுங்கள்.

முற்றமும், புகையில் கறியை நிதானமாக வேகவைக்கும் ஸ்மோக்கர் அடுப்பும் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள். 225 முதல் 250 டிகிரியில் பவுண்டுக்கு அரை மணி நேரம் போல ஆகும். ருசி பிரமாதம், ஆனால் புதிதாக வந்த வருஷமே அதில் காசு போட வேண்டாம்.

முழுப் பறவையை எண்ணெயில் பொரிப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 350 டிகிரி கடலை எண்ணெயில் பவுண்டுக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான், ருசிக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டுச் சமையலால் தீப்பிடிப்பது இந்த நாட்டில் மிக அதிகமாக நடப்பது தேங்க்ஸ்கிவிங் அன்றுதான். கேஸில் ஓடும் இந்த ஃப்ரையர்களையே வேண்டாம் என்கிறது தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏ. பால்கனி, கராஜ், மரத்தளம் எதிலும் கூடாது. அப்பார்ட்மென்ட் என்றால் உங்கள் லீஸே பெரும்பாலும் இடம் கொடுக்காது. நான் சொல்வதும் வேண்டாம் என்றுதான்.

எந்த முறையானாலும் இறக்கியதும் வெட்டாதீர்கள். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அந்த அரை மணியில் ஓவன் காலியாக இருக்கும், மற்ற பதார்த்தங்களைச் சூடுபண்ணிக்கொள்ளலாம். நெஞ்சை முழுத் துண்டாக எலும்பிலிருந்து பிரித்து, பிறகு நாருக்குக் குறுக்கே வில்லை போடுங்கள். இந்த விருந்தைப் பலர் மத்தியானம் 2, 3 மணிக்கே வைப்பார்கள், அழைக்கும்போதே நேரத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "நான் என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்பார்கள். உபசாரத்துக்காக "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடும் இனிப்பான "பை" (pie) கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரு வேலை மிச்சம்.

மிச்சக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும், மூன்று நான்கு நாள் தாங்கும். அதைப் பிரியாணியில் முதலிலிருந்து வேகவிடாதீர்கள்; தனியாக நன்றாகச் சூடுபண்ணி, தம் போடும்போது சேருங்கள். மிளகு வறுவல், கொத்து பரோட்டா இரண்டுக்கும் கால்கறிதான் ஏற்றது. எலும்புகளைத் தூக்கிப் போடாதீர்கள், அருமையான சூப் வரும்.

அன்று நடுவில் சந்தேகம் வந்தால் டர்க்கி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981 முதல் இதற்கென்றே ஒரு ஃபோன் உதவி நடத்துகிறது, எண் அவர்களுடைய உறையிலேயே இருக்கும். ஃபோன் எடுப்பவர்களுக்கு இதைவிட விநோதமான கேள்வியெல்லாம் பழக்கம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

புதன் ராத்திரி தொட்டுப் பார்க்கிறீர்கள், இன்னும் கல்லாக இருக்கிறது, என்ன செய்வது? கசியாத பையில் கட்டி, முழுக்க முங்கும் அளவு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரை மணி, 12 பவுண்டுக்கு ஆறு மணி நேரம். இளகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். வியாழன் காலைதான் பார்த்தீர்கள் என்றால், உறையை உரித்து அப்படியே 325 டிகிரி ஓவனில் வைத்துவிடலாம், வேளாண் துறையே அனுமதிக்கும் வழிதான். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும், உள்ளே இருக்கும் பொட்டலத்தைப் பாதி வெந்து இளகியதும் இடுக்கியால் இழுத்துவிடுங்கள். உப்பும் மசாலாவும் அதற்குப் பிறகு தடவிக்கொள்ளலாம்.